வீட்டுக்குள் ஒரு ஜாக்பாட் இயந்திரம்: பழைய காசு, பழைய பொறி, மாறாத கணக்கு

பிரிட்டனில் 2017 அக்டோபர் 15ஆம் தேதியோடு வட்ட வடிவிலான பழைய ஒரு பவுண்டு காசு செல்லாததாகிவிட்டது. மக்கள் உண்டியலை உடைத்து, கால்சட்டைப் பைகளைத் தடவி, கிடைத்ததையெல்லாம் வங்கிக்குக் கொண்டு போனார்கள். ஒரு சாரார் மட்டும் அந்தக் காசுகளில் கொஞ்சத்தைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். பழைய ஜாக்பாட் இயந்திரங்களை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்கள் அவர்கள். 12 பக்கங்கள் கொண்ட புதிய ஒரு பவுண்டை அவர்களுடைய இயந்திரங்கள் காசாகவே ஏற்பதில்லை. செல்லாக் காசுதான் அங்கே செல்லும்.

மலேசியாவில் ஒரு வெள்ளிக் காசு 2005 டிசம்பர் 7இல் மீட்டுக்கொள்ளப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த அவதி எளிதில் புரியும். ஒரு காசு மறைந்தால் அதை நம்பி நின்ற இயந்திரமும் ஊமையாகிறது.

ஆங்கிலேயர்கள் இதை 'ஃபுரூட் மெஷின்' என்கிறார்கள். அமெரிக்கர்களுக்கு 'ஸ்லாட் மெஷின்', ஆஸ்திரேலியர்களுக்கு 'போக்கி'. நம் பக்கத்து நகர மனமகிழ் மன்றங்களில் அது 'ஜாக்பாட்'. பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றே: காசு போட்டால் உருளைகள் சுழலும், படங்கள் ஒன்று சேர்ந்தால் காசு கொட்டும். இந்தப் பெயரைக் கேட்டதும் யாரோ ஒருவருடைய சம்பளமோ, மனைவியின் நகையோ நினைவுக்கு வராத குடும்பங்கள் நம்மிடையே குறைவு. அப்படிப்பட்ட பொருளை வீட்டுக் கூடத்தில் வைத்து, எண்ணெய் போட்டு, துடைத்து வளர்ப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள் என்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்தவர்கள் அவர்கள். அந்த இயந்திரம் எப்படிக் காசு பிடிக்கிறது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் அரிது.

பழம் எங்கிருந்து வந்தது?

மூன்று உருளை இயந்திரத்தின் தந்தையாகக் கருதப்படுபவர் சார்லஸ் ஃபே. ஜெர்மனியின் பவேரியாவில் 1862இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோவில் அவர் செய்த 'லிபர்ட்டி பெல்' இயந்திரத்தில் பழம் எதுவும் இல்லை. குதிரை லாடம், சீட்டுக்கட்டுச் சின்னங்கள், மணி ஆகியவையே இருந்தன. மூன்று மணிகள் வரிசையில் நின்றால் பெரிய பரிசு: 50 சென்ட். அவருடைய பட்டறை 1906 நிலநடுக்கத்தில் அழிந்தது.

பழங்கள் வந்தது சட்டத்திற்குப் பயந்து. சூதாட்டத்துக்கு எதிரான சட்டங்கள் இறுகியபோது, 'இது சூதாட்டமல்ல, மிட்டாய் விற்கும் இயந்திரம்' என்று காட்ட வேண்டியிருந்தது. காசு போட்டால் பழச் சுவை கொண்ட சூயிங்கம் கிடைக்கும் என்று சொல்லி, செர்ரி, பிளம், ஆரஞ்சு, எலுமிச்சைப் படங்களை உருளையில் ஒட்டினார்கள். இன்றும் காணப்படும் 'பார்' என்ற கறுப்புச் சின்னம் அக்காலத்து சூயிங்கம் உறையின் எச்சம் என்பார்கள். மிட்டாய் போய் நூறாண்டு ஆகப்போகிறது. படம் மட்டும் போகவில்லை.

சிகாகோவின் மில்ஸ் நாவல்ட்டி நிறுவனம் இவற்றை ஏராளமாகத் தயாரித்தது. ஜென்னிங்ஸ், வாட்லிங், கெய்ல், பேஸ் என்று போட்டியாளர்களும் இருந்தனர். 1930களில் செய்யப்பட்ட அலுமினிய முகப்புகளில் கழுகு, சிங்கம், செவ்விந்தியர் தலை போன்ற உருவங்களைக் காணலாம். நியூயார்க் மேயர் லகார்டியா 1934இல் சம்மட்டி எடுத்து இவற்றை உடைத்து, படகில் ஏற்றிக் கடலில் கொட்டச் செய்தார். 1951இல் மாநிலம் விட்டு மாநிலம் சூதாட்டக் கருவிகளைக் கொண்டுசெல்வதற்கு அமெரிக்க நடுவண் அரசு தடை போட்டது. மிஞ்சியவை அபூர்வமானதும், அவற்றுக்கு விலை கூடியதும் இதனால்தான்.

ஒரு துணுக்கு: வீடியோ விளையாட்டால் புகழ்பெற்ற சேகா நிறுவனத்தின் பெயர் 'சர்வீஸ் கேம்ஸ்' என்பதன் சுருக்கம். அமெரிக்க இராணுவ முகாம்களுக்கு இந்தக் காசு இயந்திரங்களை வழங்கிய தொழிலிலிருந்துதான் அது வளர்ந்தது. சேகா முத்திரை பதித்த இரும்பு இயந்திரங்களை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன?

பழைய இயந்திரத்தில் மின்சாரமே இல்லை. காசு விழுந்ததும் கைப்பிடியின் பூட்டு விடுபடும. கைப்பிடியை இழுக்கும்போது ஆடுபவரின் கைவிசையே சுருள்வில்லில் சேமிக்கப்படும். விட்டதும் மூன்று உருளைகளும் ஒரே உதையில் சுழலத் தொடங்கும். அவற்றை நிறுத்துவது கடிகாரம் போன்ற ஒரு சிறு பொறி. அதில் பற்சக்கரங்களோடு ஒரு சிறிய விசிறி இருக்கும். காற்றின் எதிர்ப்பால் விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்த, நெம்புகோல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து இடமிருந்து வலமாக உருளைகளை நிறுத்தும். முதலாவது... இரண்டாவது... மூன்றாவது. நெஞ்சு படபடக்கும் அந்த இடைவெளியை ஏற்படுத்துவது இந்த விசிறிதான்.

ஒவ்வோர் உருளைக்கும் பக்கத்தில் துளையிட்ட உலோகத் தட்டு ஒன்று உண்டு. உருளைகள் நின்றதும் விரல் போன்ற கம்பிகள் வந்து அந்தத் தட்டுகளைத் தடவிப் பார்க்கும். மூன்று தட்டிலும் துளை நேராக வந்திருந்தால் கம்பி உள்ளே நுழையும், காசுக் குழாயின் அடித்தட்டு நகரும், காசு விழும். துளை இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. பார்வையில்லாதவர் கைதடவிப் படிப்பதைப் போன்றது அது. இயந்திரத்துக்குப் படம் தெரியாது, துளை மட்டுமே தெரியும்.

சேகரிப்பாளர்கள் முதலில் கற்றுக்கொள்வது இந்தத் தட்டின் கணக்கைத்தான். ஓர் உருளையில் 20 நிறுத்தங்கள் என்றால் மூன்று உருளைக்கு 20 × 20 × 20, அதாவது 8,000 சேர்க்கைகள். பெரும் பரிசுச் சின்னம் ஒவ்வோர் உருளையிலும் ஒரே ஒரு முறை இருந்தால், 8,000இல் ஒன்றுதான் அது விழ வாய்ப்பு.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. சின்னங்களை எல்லா உருளையிலும் சமமாக வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடுத்துக்காட்டாக, முதல் இரண்டு உருளைகளில் ஒரு சின்னம் ஐந்து முறையும், மூன்றாவதில் ஒரே முறையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் சேர்ந்து நிற்பது 16 ஆட்டத்துக்கு ஒரு முறை நடக்கும். மூன்றும் சேர்வதோ 320 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். ஆடுபவர் கண்ணுக்கு 'சே, ஒன்றில் தப்பிப் போச்சே' என்ற காட்சி அடிக்கடி தெரியும். அது தப்பிப் போகவில்லை. அப்படித் தெரியும்படியே உருளை அச்சிடப்பட்டது.

பிரிட்டனின் மின்னணுப் பெட்டிகள்

அமெரிக்காவின் பேலி நிறுவனம் 1960களின் நடுவில் 'மனி ஹனி' என்ற மின்விசை இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஒரே முறையில் 500 காசு வரை தானே எண்ணிக் கொட்டும் தொட்டி அதில் இருந்தது. அதே பத்தாண்டில் பிரிட்டனில் 1960, 1968 சட்டங்களால் சிறு பந்தய இயந்திரங்களுக்கு வழி பிறந்தது. மதுக்கடை, மீன் வறுவல் கடை, கடற்கரைப் பொழுதுபோக்குக் கூடம் என்று எங்கும் அவை நுழைந்தன. கார்டிஃபின் ஜேபிஎம், நாட்டிங்காமின் பெல்-ஃபுரூட், பார்க்ரெஸ்ட், மேகே ஆகியவை அங்கே அக்காலத்தில் பெரிய பெயர்களாக இருந்தன. காலப்போக்கில் நுண்செயலியும், ஒளிரும் கண்ணாடி முகப்பும், உருளையைப் பிடித்து வைக்கும் பொத்தானும், ஒரு படி நகர்த்தும் பொத்தானும் சேர்ந்தன. இன்று பிரிட்டன் வீடுகளில் உள்ள சேகரிப்புகளில் பெரும்பகுதி இந்த வகைதான். பலருக்கு அது சிறுவயதில் கடற்கரைக்குப் போன நினைவு.

இந்தப் பெட்டிகளில் ஓர் உண்மை வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும், படிப்பவர்தான் இல்லை. ஆட்டத்தின் முடிவு முந்தைய ஆட்டங்களைப் பொறுத்து மாறலாம் என்ற அறிவிப்பும், திருப்பிக் கொடுக்கும் விழுக்காடும் அது. மதுக்கடை வகை இயந்திரங்களில் பல, குறிப்பிட்ட விழுக்காட்டை எட்டும்படி தம்மைத் தாமே கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளும் நிரலில் ஓடின. பின்கதவைத் திறந்தால் அந்த விழுக்காட்டைத் தீர்மானிக்கும் சிறு சாவிக்கட்டை மின்பலகையில் செருகியிருக்கும். அதைக் கழற்றி வேறொன்றைச் செருகினால் இயந்திரத்தின் 'ராசி' மாறிவிடும். ராசியான இயந்திரம், ராசியான நேரம் என்றெல்லாம் நம்பிய ஒருவர் முதன்முதலாக அந்தக் கட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கும் கணத்தில் அந்த நம்பிக்கை உதிர்ந்துபோகும்.

78 விழுக்காடு என்று எழுதியிருந்தால் ஆடுபவர் 'நூறு போட்டால் 78 கிடைக்கும், பரவாயில்லை' என்று எடுத்துக்கொள்வார். ஆனால் வென்றதை யாரும் எடுத்துக்கொண்டு எழுவதில்லை. அதையே மறுபடியும் போடுவார்கள். சராசரியாகப் பார்த்தால் 100, 78 ஆகும். அந்த 78ஐப் போட்டால் 61. பிறகு 47, 37, 29. ஐந்து சுற்றில் நூறில் முக்கால் பங்குக்கு நெருக்கமாகப் போயிற்று. வீட்டில் வைத்திருப்பவருக்கு இந்த நட்டம் கிடையாது. காசுப்பெட்டியின் சாவி அவருடைய சட்டைப் பையில். அதே நாற்பது, ஐம்பது காசுகள் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருக்கும். பந்தயம் போய்விட்டால் மிஞ்சுவது ஒரு கடிகாரமும் கொஞ்சம் விளக்கும்தான்.

காசு என்னும் சிக்கல்

பிரிட்டன் 1971 பிப்ரவரி 15இல் தசம நாணய முறைக்கு மாறியது. ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் அகலமுள்ள பழைய பென்னி அதே ஆண்டில் வழக்கொழிந்தது. ஆறு பென்ஸ் காசு மட்டும் 1980 வரை தாக்குப்பிடித்தது. 5 பென்ஸ் 1990இலும், 10 பென்ஸ் 1992இலும், 50 பென்ஸ் 1997இலும் அளவில் சிறுத்தன. அதற்குப் பின் 2017. ஆக, ஓர் இயந்திரம் எந்தக் காசை விழுங்குகிறது என்று பார்த்தே அதன் வயதை ஓரளவு சொல்லிவிடலாம்.

தொழில் நடத்தியவர்கள் ஒவ்வொரு முறையும் காசைச் சோதிக்கும் பகுதியை மாற்றினார்கள் அல்லது பெட்டியையே தூக்கி எறிந்தார்கள். சேகரிப்பாளர் அப்படிச் செய்வதில்லை. இயந்திரத்தோடு அதன் காலத்துக் காசையும் ஒரு பையில் வாங்குகிறார். பென்னி இயந்திரத்துக்கு விக்டோரியா, ஜார்ஜ் மன்னர்கள் காலத்துத் தேய்ந்த செப்புக் காசுகள் போதும். சேகரிப்புச் சந்தையில் மதிப்பில்லாத தேய்ந்த காசுக்கு இங்கே மதிப்பு. ஆனால் மிகவும் தேய்ந்தது வழியில் சிக்கிக்கொள்ளும்.

பராமரிப்பு: இரும்புக்கு ஒரு வைத்தியம், பலகைக்கு ஒன்று

இரும்பு இயந்திரங்கள் கெடுவதற்கு முதற்காரணம் பழைய எண்ணெய். பல ஆண்டுகளுக்கு முன் போட்ட மசகு, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். கடிகாரப் பொறி மெதுவாக ஓடும், உருளை நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது. புதியவர் செய்யும் தவறு, அதன்மேல் இன்னும் எண்ணெய் ஊற்றுவது. முறையான வழி, பொறியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, பழைய பிசினைக் கரைப்பானால் கழுவி, உலர்த்தி, சுழலும் முனைகளில் மட்டும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு வைப்பது. காசு ஓடும் வழியில் எண்ணெயே படக்கூடாது. பட்டால் காசு ஒட்டும். தையல் இயந்திரத்தைச் சொந்தமாகப் பிரித்துத் துடைத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பக்குவம் புதிதல்ல.

கைப்பிடி சிக்கினால் பலங்கொண்டு இழுப்பது அடுத்த தவறு. பெரும்பாலும் ஒரு வளைந்த காசோ தளர்ந்த சுருள்வில்லோதான் காரணமாக இருக்கும். இழுத்தால் வார்ப்பு உலோகம் விரிசல் விடும், அதை ஒட்ட வைப்பது கடினம். மூல வண்ணப்பூச்சைச் சுரண்டிப் பளபளப்பாக்குவது பற்றிச் சேகரிப்பாளர்களிடையே ஓயாத சச்சரவு உண்டு. தேய்ந்தாலும் மூலமே மேல் என்பவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒருமுறை சுரண்டியது திரும்பி வராது. புதிதாக வார்த்த முகப்பைப் பழைய உள்பொறியில் மாட்டி 'அசல்' என்று விற்பதும் சந்தையில் உண்டு என்பதால், புதுப்பொலிவே ஐயத்துக்கு இடம் தரும்.

மின்னணுப் பெட்டிகளுக்கு எமன் வேறு. பார்க்ரெஸ்ட் நிறுவனத்தின் எம்பியூ4 போன்ற பலகைகளில், நினைவகத்தைக் காக்க ஒரு சிறிய நிக்கல்-காட்மியம் மின்கலம் பற்றவைக்கப்பட்டிருக்கும். வயதானதும் அது கசியும். கசிந்த காரம் பலகையின் செப்புக் கோடுகளைப் பச்சையாக அரித்துத் தின்றுவிடும். ஆகவே பழைய பெட்டி ஒன்று வீடு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அதை ஓட்டிப் பார்ப்பதல்ல. மின்சாரத்தைத் துண்டித்து, பலகையை வெளியே எடுத்து, அந்த மின்கலத்தை வெட்டி நீக்குவதுதான். அரித்த இடத்தில் சிறிது காடியைத் தடவிக் காரத்தை முறித்து, சுத்தமான நீரால் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து உலரவிட வேண்டும். பிறகு மல்டிமீட்டரால் ஒவ்வொரு கோடாகச் சோதித்து, அறுந்ததற்கு மெல்லிய கம்பி இழுக்க வேண்டும். மாற்று மின்கலத்தைப் பலகையை விட்டுத் தள்ளி வைப்பது பாதுகாப்பு. மின்னேற்றம் செய்யக்கூடாத லித்தியம் கலத்தை அப்படியே பழைய மின்னேற்றச் சுற்றில் இணைத்தால் வெடிக்கும் அபாயம் உண்டு.

நிரல் பதிந்த சில்லுகளில் சிறிய கண்ணாடிச் சாளரம் இருக்கும். புறஊதா ஒளி பட்டால் நிரல் அழியும் என்பதால் அதன் மேலுள்ள ஒட்டுத்தாளை உரிக்கக் கூடாது. முகப்புக் கண்ணாடியின் வண்ணம் பின்பக்கம் அச்சிடப்பட்டது. பளிச்சென்று ஆக்குகிறேன் என்று பின்பக்கம் ஈரத்துணியால் தேய்த்தவர்கள் படத்தோடு சேர்த்துத் துடைத்திருக்கிறார்கள். முன்பக்கம் மட்டும் துடைக்கலாம்.

சில ஆண்டுகளில் வருமானம் குறைந்ததும் பெட்டிகளை நசுக்கிக் குப்பையில் போடுவதே அந்தத் தொழிலின் வழக்கம். யாரும் அவற்றை அரும்பொருளாகக் கருதவில்லை. இன்று மிஞ்சியிருக்கும் பல விளையாட்டுகளின் நிரல்கள், தனிமனிதர்கள் சில்லுகளைப் படித்துக் கணினியில் பிரதி எடுத்து வைத்ததால் மட்டுமே பிழைத்தவை. அவற்றைக் கணினியில் ஓட்டிக் காட்டும் போலச்செய் மென்பொருள்களும் உள்ளன.

நம் வீட்டில் வைக்கலாமா?

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 25 ஆண்டுக்கு மேல் பழையது, சூதாட்டத்துக்குப் பயன்படாதது என்றால் அரும்பொருளாக வைத்திருக்கலாம். அறவே இடம் தராத மாநிலங்களும் உண்டு. பிரிட்டனில் வீட்டில் வைத்திருப்பவர்கள் பலர். ஆனால் பிறரை ஆடவிட்டு வருமானம் பார்த்தால் 2005 சூதாட்டச் சட்டம் குறுக்கே நிற்கும்.

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். இணையத்தில் படத்தைப் பார்த்து, 'அலங்காரப் பொருள்தானே' என்று கப்பலில் வரவழைக்கும் காரியம் வேண்டாம். மலேசியாவின் 1953 பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம், சூதாட்ட இயந்திரம் நடத்துபவரை மட்டுமல்ல, அதை வைத்திருப்பவரையும் தொடும். சிங்கப்பூரில் 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் உள்ளது. அதே ஆண்டில் அமைக்கப்பட்ட சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் இத்தகைய இயந்திரங்களைக் கண்காணிக்கிறது. பழையது, ஓடாதது, காசு போடாமல் ஆடுவது என்ற விளக்கங்களெல்லாம் சுங்கச் சாவடியில் உதவும் என்று எண்ணிப் பணம் கட்டக்கூடாது. எழுத்துப்பூர்வ அனுமதி கையில் இல்லாமல் தொடக்கூடாத பொருள் இது. நேரில் பார்க்க ஆசைப்படுபவர்கள் அமெரிக்கா போகும் வாய்ப்பு கிடைத்தால், காசு போட்டு ஓடும் பழங்காலக் கருவிகள் நிறைந்த சான் பிரான்சிஸ்கோவின் மியூசே மெக்கானிக் அரும்பொருளகத்துக்குச் செல்லலாம்.

மறைந்த பெரியவர் ஒருவரின் சாமான்களுக்கிடையிலோ, மூடப்பட்ட மன்றத்தின் கிடங்கிலோ இப்படி ஒரு பெட்டி கிடைத்தால், விற்பனை விளம்பரம் போடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அடியில் சிந்திக் கிடக்கும் பழைய காசுகள் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வைக்கலாம். காசு சேகரிக்க யாரும் உரிமம் கேட்பதில்லை.